பட்ஜெட்டும் பயத்தம் உருண்டையும்

இத்தாலிய அரசியலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்று காதில் விழுந்ததுதான். தொண்ணூறுகளில், இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவில், பலெர்மோவில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். வீட்டுக்கார அம்மாவைச் சிஞ்ஞோரா என்று கூப்பிட வேண்டும். சிஞ்ஞோரா விதவை, ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்ல மனுஷி. உப்பு மட்டும் சரியாகப் போடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய தம்பி தன் மனைவியோடு சாப்பிட வருவார். தம்பி வக்கீல். வக்கீலை இத்தாலியர் அவ்வொக்காத்தோ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்புக்காத்து என்போம். இவ்வளவு தூரம் வந்தும் ஒரு சொல்லாவது தெரிந்த முகமாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் முதல் நாளே அவரை அப்புக்காத்தர் ஆக்கிவிட்டேன்.

அப்புக்காத்தர் வழக்குப் பேசியதாக நான் கேள்விப்பட்டது குறைவு. அவருக்குக் கட்சிதான் தொழில். நடுவில் நிற்கும் சின்னக் கட்சி. அவர் ஒருநாளும் தேர்தலில் நின்றதில்லை, நின்றவர்களுக்குப் பின்னால் நின்றவர். ரோமிலிருந்து யாராவது பெரிய ஆள் வந்தால் விமான நிலையத்துக்கு ஓடுவார், பெட்டி தூக்குவார், போட்டோவில் ஓரத்தில் அரை முகமாகத் தெரிவார். ஆனால் அக்காவின் மேசையில் உட்கார்ந்துவிட்டால் பிரதம மந்திரியே அவரைக் கேட்டுத்தான் கொட்டாவி விடுகிறார் என்ற மாதிரிப் பேசுவார்.

ஒரு வருஷம், இலையுதிர்காலம் முழுக்க அந்த மேசையில் ஒரே பேச்சு, பட்ஜெட். அரசாங்கத்துக்குச் சொந்தமாகப் போதிய கைகள் இல்லை. பட்ஜெட் நிறைவேற வேண்டுமென்றால் வடக்கத்திக் கட்சியின் கைகளும் உயர வேண்டும். அவர்களோ, முதலில் வெளிநாட்டுக்காரரை ஒரு வழி பண்ணுங்கள், பிறகு கையைத் தூக்குவதைப் பற்றி யோசிப்போம் என்றார்கள். எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு சிரமமும் இருக்கவில்லை. எங்கள் ஊர்க் கலியாணங்களில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு மோட்டார் சைக்கிள் கேட்பார்களே, அதே வியாபாரம். ஒரே வித்தியாசம், இந்தக் கலியாணத்தில் மோட்டார் சைக்கிள் நாங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த வடக்கத்திக்காரருக்குச் சிசிலிக்காரரைக் கண்டாலும் ஆகாது. சோம்பேறிகள், எங்கள் வரிப்பணத்தில் வெயில் காய்கிறவர்கள் என்று தொலைக்காட்சியிலேயே சொல்வார்கள். அப்புக்காத்தர் அதைக் கேட்டுக்கொண்டே பாஸ்தாவைச் சுருட்டிச் சாப்பிடுவார். "அரசியலில் யாரோடும் கை குலுக்கலாம். பிறகு கையைக் கழுவிக்கொள்ளலாம்" என்பார். அவர் கழுவின கையைத் துடைக்கும் துவாயைத் தோய்த்துப் போடுகிறவள் நான்.

இனி என் மனுசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு அரசாங்கம் கொடுத்த ஒரு பொதுமன்னிப்பில் எனக்குப் பெர்மெஸ்ஸோ, அதாவது இருக்கிறதற்கான அனுமதிப் பத்திரம், கிடைத்துவிட்டது. அவர் அதற்குப் பிறகு, சொன்னால் வெட்கக்கேடு, மரக்கறி லொறி ஒன்றுக்குள் இருந்து வந்து சேர்ந்தவர். முறைப்படி குடும்பமாகச் சேர வேண்டுமென்றால் அவர் திரும்பிப் போய்க் கொழும்பில் நின்று விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து ஆம்பிளை கொழும்பில் நிற்பதென்பது பொலிசு நிலையத்தில் அறை எடுத்துத் தங்குவது போல. ஆகவே பத்திரம் இல்லாமலே இருந்தார். பல்லரோச் சந்தைக்குப் போனாலும் அவர் தெருவின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பொலிசு மறித்து அவர் அகப்பட்டாலும் நான் வீட்டுக்குப் போய்ச் சாமான்களை எடுத்து வைக்கலாம் என்பது அவருடைய ஏற்பாடு. புருஷனும் பெண்சாதியும் தெருவுக்கு இரண்டு கரையிலும் நடந்து, தக்காளி விலையைக் கண்ணால் கதைத்துக்கொண்ட காலம் அது.

அவருக்கு வேலை எங்கே என்று நினைக்கிறீர்கள்? அப்புக்காத்தரின் வீட்டில். சிஞ்ஞோராவுக்கும் அப்புக்காத்தருக்கும் தகப்பன் ஒருவர் இருந்தார், தொண்ணூறை எட்டிப் பிடித்த கிழவர், மகன் வீட்டில் கட்டிலோடு கிடந்தார். அவரைத் தூக்கிக் குளிக்க வார்த்து, சவரம் செய்து, ஊட்டி, மத்தியானத்தில் பால்கனியில் இருத்துவது என் மனுசன். கிழவர் ஒருகாலத்தில் பகேரியாப் பக்கம் ஓடும் ரயிலில் டிக்கெட் பார்த்தவர். புத்தி கலங்கிய பிறகும் அந்த உத்தியோகம் மட்டும் கலங்கவில்லை. காலையில் என் மனுசன் அறைக்குள் போனதும் கையை நீட்டி "டிக்கெட்" என்பார். இவர் சீப்பையோ கரண்டியையோ காட்டுவார். கிழவர் கவனமாகப் பார்த்துவிட்டு, சரி, உட்கார் என்று விடுவார். இத்தாலியில் என் மனுசனைச் சோதித்து உள்ளே விட்ட ஒரே அதிகாரி அவர்தான்.

ஒரு ஞாயிறு அப்புக்காத்தர் வைன் போத்தலோடு வந்தார். பேரம் முடிந்துவிட்டதாம். வடக்கத்தியர் கையைத் தூக்கப் போகிறார்களாம். பதிலுக்கு அவசரச் சட்டம் ஒன்று வருகிறது. ஆட்களைப் பிடிக்க, வைத்திருக்க, விமானத்தில் ஏற்றி அனுப்பக் காசு ஒதுக்கப்படும். "எங்கள் கட்சி நடுவில் நின்று முடித்து வைத்தது" என்று கிளாசை உயர்த்தினார். நான் அவருடைய தட்டில் கத்தரிக்காய்ப் பொரியல் வைத்துக்கொண்டிருந்தேன். அகப்பையால் ஒரு போடு போட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

சிஞ்ஞோராதான் கேட்டார். "அப்படியென்றால் அப்பாவை யார் தூக்குவது?"

அப்புக்காத்தர் தங்கையிடம் பேசுவது போல அக்காவிடம் பொறுமையாகச் சொன்னார். "அது வேறு விஷயம், இது வேறு விஷயம்."

எப்படி வேறு என்று யாரும் கேட்கவில்லை. சீஸ் வந்தது, பழம் வந்தது. கோப்பி குடிக்கும்போதுதான் பேரத்தின் மற்றப் பாதியைச் சொன்னார், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. அரசாங்கத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த இடதுசாரிகளும் சும்மா கை தூக்கவில்லையாம். அவர்களுக்கும் ஒரு துண்டு போட வேண்டியிருந்ததாம். பத்திரம் இல்லாமல் வேலை செய்கிறவரை, வேலை கொடுத்தவர் வந்து கையெழுத்து வைத்து, சில மாதச் சமூகக் காப்புறுதிப் பணத்தை முன்கூட்டிக் கட்டினால், பதிந்துகொள்ளலாம். கொஞ்ச நாள்தான் அந்த வாசல் திறந்திருக்கும். "கதவைப் பூட்ட வந்தவன் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போன கதை" என்று அலுத்துக்கொண்டார். நான் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷம்தான். பயமும்தான்.

ஏனென்றால் முழு விஷயமும் இப்போது ஒரே ஒரு கையெழுத்தில் வந்து நின்றது. அப்புக்காத்தர் வைத்தால் என் மனுசன் இருப்பார். வைக்காவிட்டால், அப்புக்காத்தரின் கட்சி பேசி ஒதுக்கிய காசில், அதே கட்சி பேசி ஏற்றிவிடும் விமானத்தில் போவார்.

எனக்கு அன்றைக்கே கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. என் மனுசன் விடவில்லை. அவர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்துக் குடும்பம். அங்கே உதவி கேட்க ஒரு முறை உண்டு. வெறுங்கையோடு போகக்கூடாது. போனதும் வந்த காரியத்தைச் சொல்லக்கூடாது. மழை, வெயில், சுகம், துக்கம் எல்லாம் பேசி எழும்புகிற நேரத்தில் வீட்டுக்காரர் தாமாக, "என்ன விசயம், சும்மா வந்தனியளோ?" என்று கேட்பார். அப்போதுதான் வாயைத் திறக்கலாம். அதற்கு முன் திறந்தால் பிச்சை, பின் திறந்தால் மரியாதை.

"இது இத்தாலி கண்டியளோ," என்றேன். "இஞ்சை ஆர் உங்களைக் கேக்கப்போகினம்?"

"மனுசர் எல்லா இடமும் மனுசர்தான். நீர் பயறை வறும்," என்றார்.

பல்லரோவுக்குப் பக்கத்து எங்கள் ஆட்களின் கடையில் பயறு வாங்கி, வறுத்து, அரைத்து, பயத்தம் உருண்டை பிடித்தேன். நான் சேலை உடுத்தேன். அவர் கலியாணக் கோட்டைப் போட்டார், மாரில் பொத்தான் பூட்டவில்லை. அப்புக்காத்தர் வீட்டு வரவேற்பறையில் கதிரை நுனியில் இருந்தோம். மழையைப் பற்றிப் பேசினோம். அப்புக்காத்தரின் மனைவி உருண்டையில் ஒன்றைக் கடித்து, பல்லில் ஒட்டிக்கொண்டு, நன்றாயிருக்கிறது என்றார். எழும்பினோம். கதவு வரைக்கும் வந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த ஞாயிறு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனோம். அதற்கடுத்த ஞாயிறு முறுக்கு. ஒவ்வொரு முறையும் அவர்களுடைய முகம் கறுத்துக்கொண்டு போனதே தவிர, என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை இல்லை. முறுக்குச் சுட்ட எண்ணெய் மணம் என் தலைமயிரை விட்டுப் போக முன்னரே சட்டத்தின் தவணை போய்விடும் போலிருந்தது. "நீங்களும் உங்கடை முறையும்" என்று தெருவுக்குக் குறுக்கே கத்தினேன். அந்தக் கரையில் நடந்து வந்தவர் வானத்தைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை சிஞ்ஞோரா என்னைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எப்போது போகிறீர்கள்? ஜெர்மனிக்கா, கனடாவுக்கா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். அப்புக்காத்தர் வீட்டில் முன்பு வேலை செய்த பெண்ணும் இப்படித்தானாம். ஒருநாள் நல்ல உடுப்பு உடுத்து, கேக் செய்துகொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்து, மறுவாரம் மிலானுக்குப் போய்விட்டாளாம். நாங்கள் மூன்று ஞாயிறும் அலங்காரத்தோடும் பலகாரத்தோடும் வந்து கதிரை நுனியில் இருந்துவிட்டுப் போனதைப் பார்த்து, இவர்களுக்கு வேறெங்கோ கையெழுத்து வைக்க ஆள் கிடைத்துவிட்டது, சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அப்புக்காத்தரின் மனைவி இரவில் நித்திரை கொள்வதில்லையாம். என் மனுசன் இல்லாத நேரம் பார்த்து, கிழவரைத் தூக்க வேறொரு ஆளை வைத்துப் பார்த்தார்களாம், கிழவர் அந்த ஆளை டிக்கெட் இல்லையென்று சொல்லி அறைக்குள்ளேயே விடவில்லையாம்.

எனக்கு நாக்கு நீளம். ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு, கடவுள் என் வாயில் வந்து உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு, "பார்க்கலாம் சிஞ்ஞோரா" என்று மட்டும் சொன்னேன்.

பின்னேரம் இதைக் கேட்டதும் என் மனுசன் பதறிப்போனார். "அச்சச்சோ, பிழையா விளங்கிப்போட்டினம். நான் இப்பவே போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

"ஒரு இடமும் போகத் தேவையில்லை. பேசாமல் இருங்கோ," என்றேன். "மூண்டு கிழமை பேசாமல்தானே இருந்தனீங்கள். இன்னும் ரெண்டு நாள் இருந்தால் என்ன?"

இரண்டு நாள்கூட ஆகவில்லை. எங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அப்புக்காத்தர். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க, கோட்டும் கழுத்துப்பட்டியும், கையில் தங்கநிறத் தாளில் சுற்றிய பேஸ்ட்ரித் தட்டு. உள்ளே வந்தார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே நல்ல கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார். கால்பந்து பற்றிப் பேசினார். தகப்பனின் வயிற்றுப்போக்கைப் பற்றிக்கூடப் பேசினார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அப்புக்காத்தர் குடித்துவிட்டு எழும்பினார். போகவும் இல்லை, இருக்கவும் இல்லை, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார்.

என் மனுசன் வாசல்வரை போய், தன் உடைந்த இத்தாலியனில், மிகுந்த மரியாதையோடு கேட்டார். "என்ன விஷயம் ஐயா? சும்மாதான் வந்தீர்களா?"

அப்புக்காத்தர் அப்படியே கொட்டிவிட்டார். "பத்திரம்தான் வேண்டுமென்றால் நான் கையெழுத்து வைக்கிறேன். பணமும் நானே கட்டுகிறேன். எங்கேயும் போகவேண்டாம்."

என் மனுசன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மனுசர் எல்லா இடமும் மனுசர்தான் என்று அதற்குப் பிறகு எத்தனை தரம் எனக்குச் சொல்லிக் காட்டியிருப்பார் என்று கணக்கில்லை.

கையெழுத்து விழுந்தது, பணம் கட்டியாயிற்று, பதிந்ததற்கு ஒரு துண்டு கிடைத்தது. ஆனால் துண்டு பத்திரம் ஆக வேண்டுமே. அவசரச் சட்டத்துக்கு இரண்டு மாதம்தான் ஆயுள். பாராளுமன்றம் அதை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. பால் புளிக்கப்போகிற நேரத்தில் கடைக்காரன் புதுத் திகதி ஒட்டுவது போல, ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் புதுப்பித்தார்கள். பட்ஜெட் எப்போதோ நிறைவேறிவிட்டது. கை தூக்கியவர்கள் கையைக் கீழே போட்டுவிட்டு வேறு சண்டைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மட்டும் குவெஸ்தூராவிலிருந்து, அந்தப் பொலிசுக் கந்தோரிலிருந்து, அழைப்பு வரும் வரும் என்று தபால்பெட்டியைத் திறந்து மூடினோம். நானும் ஒரு வெள்ளிக்கிழமை பலெர்மோவைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறி, தாயே, எந்தக் கட்சிக்காரராவது இருக்கட்டும், கொஞ்சம் புத்தியைக் கொடு என்று கேட்டுவிட்டு வந்தேன்.

வசந்தகாலத்தில் அழைப்பு வந்தது. வேலை கொடுப்பவரும் தொழிலாளியும் நேரில் வர வேண்டும். அடுத்த வியாழக்கிழமை. அழைப்பு வந்த மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் பால்கனியில் வெயிலில் இருந்த கிழவர், இருந்தபடியே போய்விட்டார்.

என் மனுசன்தான் அவரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்து, உத்தியோகக் கோட்டைப் போட்டுவிட்டார். வேறு யாரையும் கிட்ட விடவில்லை. வீட்டுக்கு வந்து பாயில் இருந்து தகப்பன் செத்தது போல அழுதார். தன் சொந்தத் தகப்பன் செத்தபோது அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. இரண்டுக்குமாகச் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன். நானும் அழுதேன், ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்குக் கிழவர் மேல் கோபமும் இருந்தது. இன்னும் ஒரு கிழமை இருந்திருக்கக்கூடாதா? பராமரிக்கக் கிழவர் இல்லை. வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பத்திரம் இல்லை என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

செத்தவீட்டில் அப்புக்காத்தர் ஒரு துளி கண்ணீர் விடவில்லை. கோயில் வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். கட்சிக்காரர் நிறைய வந்திருந்தார்கள். பெட்டி காரில் ஏறும்போதுகூட யாரோ ஒருவரோடு அடுத்த தேர்தலைப் பற்றிக் கதைத்தது என் காதில் விழுந்தது. கல்நெஞ்சுக்காரன் என்று சிஞ்ஞோராவுக்குப் பின்னால் நின்று தமிழில் திட்டினேன்.

மறுநாள் என் மனுசன் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அப்புக்காத்தர் சாவியை வாங்கவில்லை. "வியாழக்கிழமை காலையில் காரோடு வருகிறேன்" என்று மட்டும் சொன்னாராம். வந்து என்ன சொல்லப்போகிறார் என்று இவர் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

வியாழக்கிழமை நானும் கூடப் போனேன்.  கார் வானொலியில் யாரோ நாட்டுக்குள் வருகிறவர்களைப் பற்றி உரத்துப் பேச, அப்புக்காத்தர் அதை நிறுத்தினார். குவெஸ்தூராவுக்கு முன்னால் காரை நிறுத்தினார். தகப்பனுக்காகக் கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அதை மெல்ல அவிழ்த்து, சுருட்டி, கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு இறங்கினார். 

உள்ளே வரிசை கதவுவரை நின்றது. எங்கள் ஆட்கள், மொரிசியஸ்காரர், ஆபிரிக்காக்காரர், கைக்குழந்தைகள். எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இளம் பொடியன் ஒருவன், வேற்றூர்க்காரன், பேச்சிலே தெரிந்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"இவர் இன்னும் உங்கள் வீட்டில்தான் வேலையா?"

"ஆம்."

"உங்கள் தந்தையைப் பராமரிக்க?"

 வடக்கத்தியருக்கும் இடதுசாரிக்கும் நடுவில் பேரம் பேசி முடித்த அந்த வாய் ஒருமுறை திறந்து மூடியது.

"ஆம். என் தந்தையை."

பொடியன் முத்திரையைக் குத்தினான். பத்திரத்தைத் தள்ளினான். வேலை முடிந்த நல்ல மனநிலையில் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்து, மரியாதைக்குச் சொன்னான். "அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்."

"சொல்கிறேன்," என்றார் அப்புக்காத்தர். சொல்லிவிட்டுத் திரும்பினார். இரண்டு அடி வைத்திருப்பார். தோள் குலுங்கத் தொடங்கியது. அத்தனை கட்சிக்காரருக்கு முன்னால் அசையாமல் நின்ற மனுஷன் அந்த மண்டபத்தின் நடுவில் வாய்விட்டு, சின்னப்பிள்ளை போல, "பாப்பா, பாப்பா" என்று இத்தாலியனில் தகப்பனைக் கூப்பிட்டு அழுதார். என் மனுசன் பத்திரத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய் அவரைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். இத்தாலியன் எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

"அழுங்கோ ஐயா," என்றார். "இஞ்சை ஒருத்தரும் பாக்கேல்லை."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.